உயிரேட்டைக் கோக்கும் கருவி உலகப் பொது!

(அறிவியல் அரங்கொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

ஓர் உயிரின் உடலமைப்பும் உள்ளியக்கமும் எழுதப்பெற்றிருக்கும் ஏடு அதன் மரபணுத்தொகை. நான்கே எழுத்துகளால் எழுதப்பெற்ற ஏடு அது. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிக் கூறுகளே அந்த நான்கு எழுத்துகள். மாந்தனின் ஏட்டில் அவை ஏறத்தாழ 305 கோடி. அவன் குடலில் வாழும் எசரிக்கியா கோலி என்னும் நுண்ணுயிரின் ஏட்டிலோ ஏறத்தாழ 46,00,000.

மாந்தனின் ஏட்டை முதலெழுத்துத் தொடங்கி இறுதியெழுத்து வரை ஒரே மூச்சிற் படித்துவிடும் பொறி எதுவும் இல்லை. பரவலாக ஆளப்பெறும் பொறிகள் ஒரு முறைக்கு 150 முதல் 300 எழுத்துகளையே படிக்கின்றன. நெடுந்துணுக்குகளைப் படிக்கும் பொறிகளும் பல்லாயிரம் எழுத்துகளைப் படிப்பனவேயன்றி, முழு ஏட்டைப் படிப்பன அல்ல. எனவே, ஆய்வாளர் கைக்கு வந்து சேர்வது ஏடு அன்று, ஏட்டின் கிழிசல்கள்! எண்ணற்ற அக் கிழிசல்களை மீண்டும் ஒரே ஏடாக்கும் பணிக்கே மரபணுத்தொகைக் கோவையாக்கம் என்று பெயர். அப்பணியைச் செய்வது கணினி. கணினியைச் செய்விப்பது மென்பொருள்.

அம் மென்பொருள் யாருடையது? அதனைத் தம் கணினியில் தாமே நிறுவி ஆளுந் திறம் யாருக்கு உண்டு? இவ்விரு வினாக்களே இப்பொழிவின் பொருள். இவை கணினியறைக்குள் அடங்கிவிடும் சிறு வினாக்கள் அல்ல. மாந்த இனத்தின் உயிரேடு ஒரு வணிக நிறுவனத்தின் பெட்டகத்துள் போகுமா, ஊர்ப்பொது மன்றத்தில் இருக்குமா என்பதையே முடிவு செய்த வினாக்கள்.

அந்தாதியும் கோவையாக்கமும்

கோவையாக்கம் யாங்ஙனம் நடைபெறுகின்றது? அந்தாதி அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு பாட்டின் இறுதிச் சொல்லே அடுத்த பாட்டின் முதற்சொல்லாக வருவது அந்தாதி. பாட்டெண் இல்லாத அந்தாதிச் சுவடியொன்றின் கட்டு அவிழ்ந்து ஓலைகள் கலைந்துபோயின எனக் கொள்க. ஓர் ஓலையின் முடிவைப் பிறிதோர் ஓலையின் தொடக்கத்தோடு பொருத்திப் பொருத்தியே முழுநூலையும் மீட்டுவிடலாமன்றோ? கணினி செய்வதும் இதுவே.

'மலையில் பிறந்த ஆறு', 'பிறந்த ஆறு கடலில்', 'ஆறு கடலில் கலக்கும்' என மூன்று துணுக்குகள் கிடைத்தால், 'மலையில் பிறந்த ஆறு கடலில் கலக்கும்' என்பதே மூலத்தொடர் எனத் தெளியலாம். ஆனால், அதே ஏட்டில் வேறோரிடத்தில் 'காட்டில் பிறந்த ஆறு ஏரியில் கலக்கும்' என்றும் எழுதப்பெற்றிருந்தால்? 'பிறந்த ஆறு' என்னும் பகுதி ஈரிடத்தும் வருகின்றது. மலையில் பிறந்தது கடலிற் கலந்ததா, ஏரியிற் கலந்ததா? சிறு துணுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காணல் இயலாது. 'காட்டில் பிறந்த ஆறு ஏரியில்' என்னும் அளவிற்கு நீண்ட துணுக்கு ஒன்று கிடைத்தாலன்றி இம் மயக்கம் தீராது. கோவையாக்கத்தின் பெருஞ்சிக்கல் இத்தகைய மீள்வரவே ஆகும். மாந்தனின் ஏட்டில் மீண்டும் மீண்டும் வரும் பகுதிகள் பாதிக்கும் மேல். அதனாலேயே 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பெற்ற மாந்த மரபணுத்தொகையில் ஏறத்தாழ 8 விழுக்காடு படிக்கப்பெறாமலே கிடந்தது. நெடுந்துணுக்குப் பொறிகளும் புதிய கோவை மென்பொருள்களும் வந்த பின்னரே, 2022இல், இடைவெளியற்ற முழு ஏடு வெளியாயிற்று.

சிறிதிலிருந்து பெரிதிற்கு

1977இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் பிரெடரிக் சாங்கரும் அவர்தம் குழுவினரும், நுண்ணுயிரைத் தாக்கும் நச்சுயிரி ஒன்றின் முழு ஏட்டைப் படித்தனர். அதில் எழுத்துகள் ஏறத்தாழ 5,400. அவ்வளவு சிறிய ஏட்டிற்கே கணினித் துணை தேவைப்பட்டது. அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ரோட்சர் இசுடேடன் என்பார், துணுக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இணைக்கும் கணினி நிரல்களை 1979இல் விளக்கி வெளியிட்டார். கோவை மென்பொருளின் கால்கோள் அதுவே எனலாம்.

1995இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், தானே உயிர்வாழவல்ல உயிரி ஒன்றின் முழு ஏடு முதன்முறையாகக் கோக்கப்பெற்றது. ஈமோபிலசு இன்புளுயன்சே என்னும் அந் நுண்ணுயிரின் ஏட்டில் 18,30,137 எழுத்துகள். ஏறத்தாழ 24,000 துணுக்குகளைக் கோக்க அற்றைநாட் பெருங்கணினி ஏறத்தாழ 30 மணிநேரம் உழைத்தது. துணுக்குகளைப் படிப்பது ஒரு திறம். அவற்றைக் கோப்பது மற்றொரு திறம் என்பது அன்று ஐயத்திற்கிடமின்றி விளங்கிற்று.

நான்கு கிழமைப் போர்

மாந்தனின் ஏட்டைப் படிக்கும் பன்னாட்டுப் பொதுமுயற்சி 1990இல் தொடங்கிற்று. அதிற் பங்கேற்றோர் 1996இல் பெர்முடாத் தீவிற் கூடி ஓர் உயரிய நெறியை வகுத்தனர். ஆயிரம் எழுத்துகளுக்கு மேற்பட்ட கோவை எதுவாயினும், அஃது அணியமான 24 மணிநேரத்திற்குள் உலகத்தார் அனைவர்க்கும் பொதுவாக வெளியிடப்பெறல் வேண்டும் என்பதே அந்நெறி.

1998இல் கிரெய்க் வென்ட்டர் தலைமையில் செலேரா என்னும் வணிக நிறுவனம் களத்தில் இறங்கிற்று. பொதுமுயற்சியை முந்தித் தானே மாந்த ஏட்டைக் கோத்து, அதனைக் கட்டணம் செலுத்துவார்க்குத் திறந்துவிடுவது அதன் வணிக நோக்கம். அந் நிறுவனத்து அறிஞர்தம் ஆற்றல் குறைத்து மதிக்கத் தக்கதன்று. அவர்கள் எழுதிய கோவை மென்பொருள் அருந்திறன் வாய்ந்தது. ஆயினும், ஈண்டு எழும் வினா ஆற்றலைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. மாந்தர் ஒவ்வொருவர் உடலுள்ளும் எழுதப்பெற்றிருக்கும் ஏட்டைப் படிக்க, மாந்தர் ஏன் ஒரு நிறுவனத்தின் வாயிலிற் கைகட்டி நிற்றல் வேண்டும்?

பொதுமுயற்சியின் பக்கம் துணுக்குகள் மலைபோற் குவிந்திருந்தன. ஆனால், அவற்றை முழுமையாகக் கோக்கும் மென்பொருள் அணியமாகவில்லை. அந்நிலையில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூசு வளாகத்தில், பேராசிரியர் தேவிட் ஆசுலரின் குழுவில் இருந்த சிம் கென்ட் என்னும் ஆராய்ச்சி மாணவர் எழுந்தார். முன்பு அசைபட மென்பொருள்களை எழுதி வந்த அவர், உயிரியல் கற்க வந்தவர். 2000ஆம் ஆண்டு மே, சூன் மாதங்களில் நான்கே கிழமைகளில், ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்ட கோவை மென்பொருளை அவர் ஒருவரே எழுதி முடித்தார். பகலெல்லாம் விசைப்பலகையில் எழுதி வீங்கிய மணிக்கட்டுகளுக்கு இரவில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு எழுதினார் என்பர்.

அந் நிரல் ஓடியது மன்னர்மாளிகைக் கணினியில் அன்று. கடைகளிற் கிடைக்கும் வகையைச் சேர்ந்த நூறு கணினிகளின் கூட்டத்தில்! சூன் 22ஆம் நாள் பொதுமுயற்சியின் முதற்கோவை முடிந்தது. செலேராவின் கோவை முடிந்ததோ சூன் 25ஆம் நாள். மூன்றே நாள் இடைவெளி! சூன் 26ஆம் நாள் அமெரிக்காவின் வெள்ளை மாளிகையில் இருசாராரும் ஒருங்கே நின்று செய்தியை அறிவித்தனர். சூலை 7ஆம் நாள் மாந்தனின் ஏடு இணையத்தில் எவரும் விலையின்றிப் பெறுமாறு வைக்கப்பெற்றது. செலேராவும் தன்னிடமிருந்த தரவுகளை 2005இல் பொதுவில் வைத்துவிட்டது. இயற்கையில் உள்ளவாறான மரபணுவிற்குக் காப்புரிமை இல்லை என அமெரிக்க உச்ச வழக்குமன்றம் தீர்ப்பளித்ததோ 2013இல். சட்டம் வந்து காக்கும் வரை பதின்மூன்று ஆண்டுகள் அவ்வேட்டைப் பொதுவில் நிறுத்தியதில் ஒரு மாணவரின் கோவை மென்பொருளுக்குப் பெரும் பங்குண்டு.

வெந்தய முளை கற்பித்த பாடம்

பொதுவான ஏடு மட்டும் போதுமா? ஏட்டைக் கோக்கும் கருவியும் பொதுவாதல் வேண்டும். அக் கருவி பலர் கணினிகளில் முன்னரே நிறுவப்பெற்றும் இருத்தல் வேண்டும். இதனை 2011ஆம் ஆண்டின் செருமானியக் கொள்ளைநோய் மெய்ப்பித்தது.

அவ்வாண்டின் மே மாதம் வட செருமனியில் குருதிக் கழிச்சலும் சிறுநீரகச் செயலிழப்பும் திடுமெனப் பரவின. 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எசரிக்கியா கோலியின் கொடிய வகையொன்றே கரணியம் எனத் தெரிந்தது. நோய் வந்த வழி வெந்தய முளை எனப் பின்னர்க் கண்டறியப்பெற்றது. ஆனால், அந் நுண்ணுயிர் எவ்வகையது, எந்நஞ்சை உடையது, எம்மருந்திற்கு அடங்காதது என்பன தொடக்கத்தில் விளங்கவில்லை.

ஆம்பர்க்கு மருத்துவர்கள் அனுப்பிய கூற்றைச் சீனத்தின் செஞ்சென் நகர ஆய்வகம் மூன்றே நாளிற் படித்துத் துணுக்குகளைப் பொதுவில் வெளியிட்டது. யாரும் யாரிடத்தும் இசைவு கேட்கவில்லை. வெளியிட்ட 24 மணிநேரத்திற்குள் அத் துணுக்குகள் கோக்கப்பெற்றன. அடுத்த இரு நாள்களில் அது முன்பே அறியப்பட்ட எவ்வகையைச் சார்ந்தது என்பது தெளிவாயிற்று. ஒரு கிழமைக்குள் நான்கு கண்டங்களின் ஆய்வாளர்கள் இரண்டு பன்னிரண்டு ஆய்வறிக்கைகளைப் பொதுவில் வைத்தனர். இவ்விரைவு எங்ஙனம் வாய்த்தது? அவரவர் கணினியில் கோவை மென்பொருள் முன்னரே நிறுவப்பெற்றிருந்தது. தீப்பிடித்த பின்னர்க் கிணறு வெட்டப் புகுந்தார் எவரும் அங்கு இல்லை!

நிறுவுதல் எவ்வாறு?

இனி, அக் கருவியைக் கணினியில் நிறுவும் முறையைக் காண்போர்க்கு ஒரு மெய்யான எடுத்துக்காட்டு வேண்டும். உருசியாவின் செயின்ட் பீட்டர்சுபர்க்கு நகரில் உருவாகி 2012இல் வெளியான எசுபேட்சு என்னும் கோவை மென்பொருள் அதற்கு ஏற்றது. நுண்ணுயிர் ஏடுகளைக் கோப்பதில் உலகெங்கும் ஆளப்பெறுவது. விலையற்றது, மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பெற்றது.

முதலாவது, தளம். இவ்வகை மென்பொருள்களுட் பெரும்பாலன லினக்சு என்னும் பொது இயங்குதளத்திற்காக எழுதப்பெற்றவை. விண்டோசுக் கணினி உடையார் அதனுள்ளேயே லினக்சை ஓர் உள்வீடாக அமைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நினைவகம். நுண்ணுயிர் ஒன்றின் ஏட்டைக் கோக்க 16 கிகாபைட்டு நினைவகமுடைய கணினி பெரும்பாலும் போதும். மாந்தனின் ஏட்டிற்கோ நூறு கிகாபைட்டினும் மிக்க நினைவகம் வேண்டும். பணிக்கிடையே தோன்றும் இடைக்காலக் கோப்புகளுக்கு வட்டில் தாராளமான இடமும் வேண்டும். இவற்றை முன்னரே அளந்து பாராதவர், பாதி வழியில் பணி நின்றுவிடக் கண்டு மென்பொருளைப் பழிப்பர்.

மூன்றாவது, பெறும் வழி. அணியமாகக் கட்டப்பெற்ற வடிவத்தை இறக்கிக் கட்டவிழ்த்து ஓட்டுவது ஒரு வழி. மூலநிரலைப் பெற்று, தொகுப்பி என்னும் மொழிமாற்றியால் பொறிமொழியாக்கித் தாமே கட்டுவது மற்றொரு வழி. முன்னது சமைத்த சோறு. பின்னது அரிசி வாங்கி உலை வைப்பது. இரண்டாம் வழி வீண் உழைப்பு என்று எண்ணற்க. 2008இல் வெளிவந்த வெல்வெட் என்னும் கோவை மென்பொருளே இதற்குச் சான்று. கோவையாக்கத்தில் துணுக்குகளை ஒரே நீளமுள்ள சிறு சொற்களாக நறுக்கி, அச்சொற்களை அந்தாதியாகத் தொடுப்பர். வெல்வெட்டில் அச் சொல்லின் நீளம் பொதுவாக 31 எழுத்தைத் தாண்டாது. மேலும் நீண்ட சொல் வேண்டுமாயின், மூலநிரலைக் கட்டும்போதே அவ்வெல்லையை உயர்த்திக் கட்டுதல் வேண்டும். சொல் நீண்டால் மீள்வரவு மயக்கம் குறையும் என்பது முன்னர்க் காட்டப்பெற்றது. எனவே, நிறுவும் நேரத்துச் செய்யும் ஒரு சிறு தேர்வே முடிவில் கிடைக்கும் ஏட்டின் முழுமையை மாற்றிவிடுகின்றது!

அச் சொல்லின் நீளம் ஏன் எப்போதும் ஒற்றைப்படை எண்ணாக இருத்தல் வேண்டும்? உயிரேடு இரட்டை இழையால் ஆயது. ஓரிழையின் அடினினுக்கு மறு இழையின் தைமினும், குவானினுக்குச் சைட்டோசினும் இணை. மறு இழை எதிர்த்திசையில் படிக்கப்பெறுவது. இரட்டைப்படை நீளமுள்ள ஒரு சொல், எதிரிழையிற் படிக்கும்போதும் அதே சொல்லாக அமைந்து மயக்கம் விளைத்தல் கூடும். ஒற்றைப்படை நீளத்தில் நடுவெழுத்து ஒன்று தனித்து நிற்கும். எவ்வெழுத்தும் தனக்குத் தானே இணையாகாது ஆகலின், அம் மயக்கம் எழ வழியில்லை.

நான்காவது, சார்புகள். எந்த மென்பொருளும் தனித்து வாழ்வதன்று. பிற நிரல் நூலகங்களைச் சார்ந்தே இயங்கும். ஒரு மென்பொருள் பழைய பதிப்பைக் கேட்கும். மற்றொன்று அதன் புதிய பதிப்பைக் கேட்கும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் பூசல் விளையும். இதற்குத் தீர்வாக வந்தது கோண்டா என்னும் நிறுவற்கருவி. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி அறை கட்டி, அதற்கு வேண்டிய துணைகளை அவ்வறைக்குள்ளேயே அது குடியேற்றிவிடும். கணினியின் மேலாண் உரிமையும் இதற்கு வேண்டுவதில்லை. பயன்படுத்துவோர் தம் பகுதிக்குள்ளேயே அமைத்துக்கொள்ளலாம். உயிரியல் மென்பொருள்களுக்கெனத் தன்னார்வலர் பலர் கூடிப் பயோகோண்டா என்னும் பொதுக்களஞ்சியத்தை நடத்துகின்றனர். அதனை விளக்கிய 2018ஆம் ஆண்டு ஆய்வுரையின்போதே 3,000க்கும் மேற்பட்ட மென்பொருள்கள் அக் களஞ்சியத்தில் இருந்தன. எசுபேட்சும் வெல்வெட்டும் அங்குக் கிடைப்பனவே.

ஐந்தாவது, வெள்ளோட்டம். நிறுவியவுடன் அரிய தரவை அதனிடம் ஒப்படைத்தல் கூடாது. எசுபேட்சு தன்னுடன் ஒரு சிறு மாதிரித் தரவையும் கொண்டு வருகின்றது. முதலில் அதனை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். பின்னர், முழுமையாக அறியப்பெற்ற எசரிக்கியா கோலியின் துணுக்குகளைக் கோத்து, விளைந்த ஏட்டை அறிந்த ஏட்டோடு ஒப்பிடல் வேண்டும். அறிந்ததைச் சரியாகச் சொல்லும் கருவியையே அறியாததைக் கேட்க நம்பலாம்.

பதிவே சான்று

இத்துணையும் செய்தபின் பலரும் மறப்பது ஒன்றுண்டு. அது பதிவு. மென்பொருளின் பெயர், பதிப்பெண், எங்கிருந்து பெறப்பெற்றது, எச் சொல்நீளத்தில் ஓட்டப்பெற்றது, எந்நாளில் ஓட்டப்பெற்றது என்பன எழுதி வைக்கப்பெறல் வேண்டும். இறக்கிய கோப்பு இடையிற் சிதையவில்லை என்பதைச் சரிபார்ப்பெண்ணால் உறுதி செய்தல் வேண்டும். கோண்டா அறையின் முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாக எழுதி வைத்தால், அதனைக் கொண்டு மற்றொருவர் வேறொரு நாட்டில் அதே அறையைக் கட்டிக்கொள்ளலாம். ஒருவர் கண்டதை மற்றொருவர் மீண்டும் காண முடிந்தாலே அஃது அறிவியல். காண முடியாவிடின் அது வெறும் வாய்மொழி.

"இத்தனைத் தொல்லை எதற்கு? துணுக்குகளை இணையத்தில் யாருக்கேனும் அனுப்பினால் கோத்துத் தந்துவிடுவரே!" எனக் கேட்பார் உளர். தருவர், மறுப்பில்லை. ஆனால், எப் பதிப்பாற் கோத்தனர், எதனை நீக்கினர், எதனைச் சேர்த்தனர் என்பதை அனுப்பியவர் அறியார். நோயாளியின் உயிரேடு ஆய்வகத்தை விட்டு வெளியேறிய பின்னர் அதன் மேல் அவருக்குள்ள காவலும் தளரும். பிறர் அடுப்பில் வெந்த சோற்றை உண்ணலாம். அதில் என்ன கலந்தது என்று உறுதிகூற இயலாது.

விலையில்லாக் கருவி உழைப்பில்லாக் கருவி அன்று என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. அதனை எழுதுவோரும் திருத்துவோரும் காப்போரும் மாந்தரே. அதனை ஆள்வோர், கண்ட பிழையை எழுதியோர்க்குத் தெரிவித்தலும், ஆய்வுரையில் அவர்தம் பெயரை மறவாது குறித்தலும், இயன்றோர் பொருளுதவுதலும் கடன். பொதுக்கிணற்றில் நீர் இறைப்போரே அதனைத் தூர்வாருதலும் வேண்டும்.

அவையோரே! 2000இல் மாந்தனின் ஏட்டைப் பொதுவில் நிறுத்தியது நான்கு கிழமை உழைப்பு. 2011இல் கொள்ளைநோயின் முகத்திரையைக் கிழித்தது முன்னரே நிறுவப்பெற்றிருந்த பொதுக்கருவி. கருவி பொதுவாயிருந்தும் அதனை ஆளத் தெரியாதவர்க்கு அது பூட்டிய பெட்டியே. சாவி வேறெங்கும் இல்லை. நிறுவக் கற்றலே சாவி. பள்ளியிலும் கல்லூரியிலும் உயிரியல் பயிலும் இளைஞர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் ஒரு கோவை மென்பொருளைத் தம் கையால் நிறுவுக! மாதிரித் தரவை ஓட்டுக! ஒரு நுண்ணுயிரின் ஏட்டையேனும் தாமே கோத்துக் காண்க! உயிரேடு எவருக்கும் உடைமையன்று. அதனைப் படிக்கும் திறம் முயல்வார் அனைவர்க்கும் உரியது.